மன்றத்துச் சுவர்

கனடாவில், மொன்றியல் தமிழ் மன்றத்தில் தலைவர் பதவிக்கு ஆசைப்படாத ஆள் என்று யாராவது இருந்தால் அது பாலாம்பிகைதான். கூட்டம் நடக்கும்போது அவள் சமையற்கட்டில் நிற்பாள். றோல்ஸ் பொரிப்பாள், தேத்தண்ணி ஊற்றுவாள், கடைசி ஆளும் போன பிறகு கதிரைகளை மடித்து அடுக்குவாள். உள்ளே யார் யாரைத் துரோகி என்று திட்டுகிறார்கள் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

திட்டுவதற்குக் குறைவே இல்லை. இலங்கையில் ஒரே அரசாங்கத்துக்கு எதிராகத் துவக்குத் தூக்கிய இயக்கங்கள், பிறகு ஒன்றையொன்று சுட்டுத் தள்ளின. பெரிய இயக்கம் வென்றது. மற்றவற்றில் மிஞ்சியவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு விமானம் ஏறினார்கள். பெரிய இயக்கத்தை நம்பியவர்களும் அதே விமானத்தில்தான் வந்தார்கள், அதே பனியில் அதே பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள். சட்டி பானை, நகை, நல்ல உத்தியோகம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் இந்தச் சண்டையை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

பெரிய இயக்கத்தின் பக்கம் இரவிச்சந்திரன். ஊரில் வங்கி மனேஜர், இங்கே லொங்குய்யில் ஓர் அலுவலகக் கட்டடத்துக்குக் காவல். ஓர் இனம், ஓர் இயக்கம், ஒரு தலைமை, மிச்சமெல்லாம் வெறும் அலட்டல் என்பது அவருடைய கொள்கை. எதிர்ப்பக்கம் கிறிஸ்தோப்பர். புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றுகிறவர். அவருடைய ஆட்கள் அவரைத் ‘தோழர்’ என்பார்கள். வர்க்கம், முரண்பாடு, ஏகாதிபத்தியம் என்று அவர் தொடங்கினால் தேத்தண்ணி ஆறி ஆடை படர்ந்துவிடும்.

இரண்டு பேருக்கும் உண்மையான போர்க்களம் ஒரு சுவர். மன்றம் கூடுவது பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில். மேடைக்குப் பக்கத்தில் நீளமான வெள்ளைச் சுவர் ஒன்று. கார்த்திகையில் வரும் நினைவு நாளுக்கு அதில் யாருடைய படங்களை மாட்டுவது? ஒரு வருடம் இவர்கள் மாட்டினார்கள், அவர்கள் கிழித்தார்கள். அடுத்த வருடம் அவர்கள் மாட்டினார்கள், இவர்கள் கிழித்தார்கள். அதற்கடுத்த வருடம் கதிரைகள் பறந்தன. பாதிரியார் படியிறங்கி வந்து, பொலிசைக் கூப்பிடுவேன் என்று பிரெஞ்சில் கத்தினார். அந்த முறை சுவர் வெறுமையாகவே கிடந்தது.

அந்தச் சுவரில் ஒரு படம் மாட்ட வேண்டுமென்று பாலாம்பிகைக்கும் ஆசை. அவளுடைய தம்பி குகானந்தனின் படம். அவன் கிறிஸ்தோப்பரின் இயக்கத்துக்குத்தான் போனான். போன இடத்தில், “ஏன் எங்கட பெடியளையே சுடுறம்?” என்று கேட்டான். கேட்ட குற்றத்துக்கு அவனுடைய இயக்கமே அவனைச் சுட்டது. எங்கே புதைத்தார்கள் என்றுகூட அம்மாவுக்குச் சொல்லவில்லை. அவன் இயக்கத்துக்கு அவன் துரோகி. பெரிய இயக்கத்துக்கோ அந்த இயக்கத்தில் இருந்த எல்லோருமே துரோகிகள். ஆக, எந்தக் கட்சி சுவரைப் பிடித்தாலும் குகனுக்கு அதில் இடம் கிடையாது.

வீட்டிலும் இடமில்லை. படத்தை வரவேற்பறையில் மாட்டினால் வருகிறவர்கள் ஆர் இது, எந்த இயக்கம், ஆர் சுட்டது என்று வரிசையாகக் கேட்பார்கள். பதிலைப் பொறுத்துத் தேத்தண்ணியைக் குடிப்பார்கள், அல்லது குடிக்காமல் எழும்பிப் போவார்கள். அதனால் குகன் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடந்தான். சேலை எடுக்கும்போதெல்லாம் பாலாம்பிகைக்குப் பொல்லாத கோபம் வரும். ஒரு மனிதனைக் கொன்றது போதாதென்று அவனை ஒளித்தும் வைக்க வேண்டுமா?

தொண்ணூற்று நான்காம் ஆண்டு ஐப்பசியில் மன்றத்துக்குத் தேர்தல் வந்தது. இரண்டு பக்கமும் தலை எண்ணிப் பார்த்தன. சரிக்குச் சரியாக இருந்தது. நாங்கள் வெல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவன் வெல்லக்கூடாது என்று இரண்டு பக்கமும் தனித்தனியே முடிவெடுத்தன. அதற்கு வாயில்லாத ஓர் ஆள் தேவைப்பட்டது. யாரைப் பிடிக்கலாம் என்று பார்ப்பதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வீட்டில் யார் செத்தது, யார் கொன்றது என்று தெரிந்தால் போதும், அந்த வீட்டு வாக்கு எங்கே விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். பெரிய படிப்புப் படித்தவர்களும் இந்தக் கணக்கை விட்டு வெளியே வந்ததில்லை.

முதலில் இரவிச்சந்திரன் ஒரு கேக் பெட்டியோடு வந்தார். பாலாம்பிகையின் கணவர் டாக்சி ஓட்டுகிறவர். இயக்கக் கதை வந்தாலே தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார். அன்றும் கூட்டினார்.

“தங்கச்சி, உன்ர தம்பியை அவங்கள்தானே சுட்டவங்கள்,” என்றார் இரவிச்சந்திரன், சத்தத்துக்கு மேலாக. “நீ அவங்களோட போகமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும். தலைவியா நில். எங்கட ஆக்கள் எல்லாரும் உனக்குத்தான் கை தூக்குவினம். வெளியால சொல்லிப் போடாதை.”

இரண்டு நாள் கழித்துக் கிறிஸ்தோப்பர் வந்தார். கையில் அதே பேக்கரிக் கேக்.

“அக்கா, குகன் எங்கட ஆள். அந்த நேரம் சில பிழையள் நடந்தது, நான் மறுக்கேல்லை. எண்டாலும் நீங்கள் அவங்களின்ர பக்கம் ஒருநாளும் போகமாட்டியள். தலைவியா நில்லுங்கோ. இது எங்களுக்குள்ள இருக்கட்டும்.”

சில பிழைகள்! பாலாம்பிகைக்குக் கேக்கைப் பெட்டியோடு அவர் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது. ஆனால் அந்தக் கணத்திலேயே அவளுக்கு ஒன்று பளிச்சென்று விளங்கியது. தம்பியின் சாவை வைத்தே இரண்டு பேரும் தன்னை எடை போடுகிறார்கள். போடட்டும். கிறிஸ்தோப்பருக்கு அங்கேயே, இரவிச்சந்திரனுக்குத் தொலைபேசியில், அவள் சொன்ன பதில் ஒன்றுதான்.

“நிக்கிறன். ஆனா சுவரில என்ன மாட்டுறது எண்டதைத் தலைவிதான் முடிவெடுக்கிறது. அதை நீங்கள் சபையில, எல்லாருக்கும் முன்னால சொல்லவேணும்.”

இதில் பொய் ஒரு சொட்டும் இல்லை. இரண்டு பேரும் தங்கள் படங்களைத்தான் அவள் மாட்டப்போகிறாள் என்று நினைத்துச் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். கணவர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

“என்னப்பா செய்யப்போறாய்?”

“கேக்கை வெட்டுங்கோ, சொல்லுறன்,” என்றாள்.

தேர்தல் நாளில் மண்டபம் கொள்ளாத சனம். லொங்குய்யிலிருந்தும் புவாண்ட்-கிளேரிலிருந்தும் வான் வானாக ஆட்களை இறக்கினார்கள். தேர்தலை நடத்த இலங்கைத் தமிழரில் யாரையும் யாரும் நம்பவில்லை. அதனால் ரொக்ஸ்பரோவிலிருந்து உமாபதி என்ற தமிழ்நாட்டு எஞ்சினியரைக் கூட்டி வந்திருந்தார்கள். பாவம், கச்சேரி ஏதோ நடக்கப்போகிறது என்று நினைத்தவர்போல அவர் பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

உமாபதி பெயர்களைக் கேட்ட உடனேயே இரவிச்சந்திரன் எழும்பினார். “பாலாம்பிகை தங்கச்சியை நான் முன்மொழியிறன். இனிமேல் சுவரில என்ன மாட்டுறது எண்டதைத் தலைவிதான் தீர்மானிப்பா. அதை ஒருத்தரும் கேள்வி கேக்கேலாது.”

எதிரி தன் பொறியில் தானாக வந்து விழுந்துவிட்டான் என்று கிறிஸ்தோப்பருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவர் துள்ளி எழும்பினார். “நான் வழிமொழியிறன்! அந்தத் தீர்மானத்தை மீறுறவை மன்றத்தை விட்டு வெளியால போகவேணும்.”

சொல்லி முடித்த பிறகுதான் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க,” என்றார் உமாபதி.

இடப்பக்கம் முழுக்கக் கை தூக்கியது. வலப்பக்கமும் முழுக்கத் தூக்கியது. இரவிச்சந்திரனின் ஆட்கள் கிறிஸ்தோப்பரின் ஆட்களைப் பார்த்து முழித்தார்கள். அவர்கள் இவர்களைப் பார்த்து முழித்தார்கள். அவங்கள் ஏன் தூக்குறாங்கள் என்று ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம் கேட்டது பின்வரிசை வரை கேட்டது. இரவிச்சந்திரனின் கை பாதி இறங்கி, எல்லோரும் பார்ப்பதை உணர்ந்து மறுபடி ஏறியது.

“எல்லாரும் தூக்கிட்டீங்கன்னா நான் எதுக்குங்க எண்ணணும்?” என்று உமாபதி சிரித்தார். மன்றத்தின் வரலாற்றில் ஏகமனதாக நடந்த முதல் காரியம் அதுதான்.

பாலாம்பிகை ஏப்பிரனைக் கழற்றி ஜெகதீஸ்வரியிடம் கொடுத்தாள். ஜெகதீஸ்வரி தையல் தொழிற்சாலையில் அவளுக்குப் பக்கத்து மெஷின்காரி, சமையற்கட்டிலும் கூட்டாளி. அவளுடைய மூத்த மகன் பெரிய இயக்கத்துக்குப் போய்ச் செத்தவன். பாலாம்பிகை மேடையேறி மைக்கைப் பிடித்தாள்.

“எனக்குக் கனக்கக் கதைக்கத் தெரியாது. நினைவு நாளுக்கு அந்தச் சுவர் எல்லாருக்கும். சண்டையில ஆரை இழந்திருந்தாலும் படத்தைக் கொண்டு வாங்கோ. எந்த இயக்கமெண்டாலும் சரி, இயக்கமே இல்லாத ஆளெண்டாலும் சரி. ஆமி சுட்டதோ, எங்கட ஆக்கள் சுட்டதோ, நான் கேக்கமாட்டன். கொடி வேண்டாம், பட்டம் வேண்டாம். பேரும் ஊரும் மட்டும் காணும்.”

மண்டபம் கொதித்தது. “எங்கட மாவீரரும் துரோகியளும் ஒரே சுவரிலையோ?” என்று இரவிச்சந்திரன் கத்தினார். “எங்களை அழிச்சவங்களின்ர படத்துக்குப் பக்கத்தில எங்கட தோழர்களோ?” என்று கிறிஸ்தோப்பர் கத்தினார். இத்தனை வருடத்தில் அந்த இரண்டு பேரும் ஒரே விஷயத்தை எதிர்த்தது அன்றுதான்.

“கேள்வி கேக்கேலாது எண்டு நீங்கள்தானே அண்ணை சொன்னனீங்கள்,” என்றாள் பாலாம்பிகை. பிறகு மற்றப் பக்கம் திரும்பினாள். “தம்பி, மீறுறவை வெளியால போகவேணும் எண்டது நீங்கள். என்ர தம்பியின்ர பேர் குகானந்தன். ஊர் கரவெட்டி. அவனை ஆர் சுட்டது எண்டு இந்த மண்டபத்தில உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். முதல் படம் அவன்ர.”

கிறிஸ்தோப்பர் கதிரையில் இருந்துவிட்டார். அந்தப் பெயரை அவள் ஒரு சபையில் உரக்கச் சொன்னது அதுவே முதல் தடவை. சொன்னதும் உடம்பு லேசானது.

அந்த மாதம் முழுவதும் தொலைபேசிகள் ஓயவில்லை. ஒருவரும் போகக்கூடாது என்று இரண்டு பக்கமும் தங்கள் ஆட்களுக்குச் சொல்லிவிட்டன. நினைவு நாள் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மண்டபத்தில் பாலாம்பிகை, அவள் கணவர், காலியான கதிரைகள். அந்த நீளச் சுவரின் நடுவில் குகன் மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். ஒருவரும் வராவிட்டால் என்ன செய்வது? இரண்டு பக்கத்துக்கும் துரோகி, இப்போது ஊர் முழுக்கத் தெரிந்த துரோகி என்றாகிவிடுவானே! தம்பியை வெளியே கொண்டுவந்து அவமானப்படுத்திவிட்டேனோ என்று நினைத்தபடி, நேராகவே இருந்த கதிரைகளை அவள் மறுபடி நேராக்கினாள்.

கதவு திறந்தது. ஜெகதீஸ்வரி வந்தாள், குளிர்ச்சட்டைக்குள் மகனின் படத்தை அணைத்தபடி.

“மனுசன் போகவேண்டாமெண்டவர்,” என்றாள். “பெத்தது நானோ அவரோ எண்டு கேட்டுப்போட்டு வந்தனான்.”

அவள் மகனைக் குகனுக்குப் பக்கத்தில் மாட்டினாள். பிறகு மைக்கில் பெயரும் ஊரும் சொன்னாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராகச் சனம் வரத் தொடங்கியது. முதலில் பெண்கள். மளிகைக்கடைப் பைகளுக்குள், துவாய்களுக்குள், குழந்தையின் போர்வைக்குள் படங்களைச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். கடற்படை சுட்ட மீனவன், ஷெல் விழுந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளை, மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்ட தபால்காரர், பெரிய இயக்கத்துப் பெடியன், அவன் சுட்ட சின்ன இயக்கத்துப் பெடியன். மொன்றியல் அலுமாரிகளில் இத்தனை பேர் ஒளிந்திருந்தது பாலாம்பிகைக்கே அன்றுதான் தெரிந்தது. மனைவிமாருக்குப் பின்னால் புருஷன்மாரும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வரிசை படியேறித் தெருப் பனி வரை நீண்டது.

கிறிஸ்தோப்பர் ஒரு படத்தோடு வந்து வரிசையில் நின்றார். சற்று நேரத்தில் இரவிச்சந்திரன் வந்தார். கையில் அவருடைய தம்பியின் படம், பெரிய சட்டம் போட்டது. வழக்கம்போல நேரே முன்னால் போகப் பார்த்தார்.

“அண்ணை, வரிசையில நில்லுங்கோ,” என்றாள் பாலாம்பிகை.

வங்கி மனேஜரும் அலுவலகக் காவலுமாகிய இரவிச்சந்திரன் ஒரு கணம் அவளை முறைத்தார். அவள் பார்வையைத் திருப்பவில்லை. அவர் போய் வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் கிறிஸ்தோப்பரின் முதுகு. ஜெகதீஸ்வரி சமையற்கட்டுக்கு ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

கிறிஸ்தோப்பரின் முறை வந்தது. தன் கூட்டாளியின் படத்தை மாட்டினார், பெயரையும் ஊரையும் சொன்னார். ஆனால் மைக்கை விடவில்லை. எங்கே வர்க்கத்தில் தொடங்கப்போகிறாரோ என்று சனம் பெருமூச்சு விட்டது.

“இன்னொரு பேர் சொல்லவேணும்,” என்றார். “குகானந்தன், கரவெட்டி. அவன் துரோகியில்லை. அவன் கேட்டது சரியான கேள்வி. துரோகியெண்டு நாங்கள் சொன்னது பொய்.”

பாலாம்பிகை அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். பனியில் நிற்கும் கடைசி ஆள்வரை தன் தம்பியின் பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைக்க அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பெரிய சண்டையெல்லாம் வென்ற தளபதிகள்கூட அப்படி நிமிர்ந்து நின்றிருக்கமாட்டார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மன்றத்துத் தலைவி வரிசையைப் பார்த்தாள்.

“இரவிச்சந்திரன் அண்ணை, வாங்கோ,” என்றாள். “தம்பியின்ர பேரைச் சொல்லுங்கோ. நாங்கள் எல்லாரும் கேக்கிறம்.”