வெறும் ஓட்டம்

ஆலையின் புகைபோக்கியில் துளை போட்டுப் புகை எடுக்க முதலாளி சம்மதித்ததே மச்சானின் வாய்ச்சொல்லால்தான். அங்கே கொதிகலன் பார்ப்பவன் அவன். ஆராய்ச்சிக்காரரின் மனைவிக்குத் தம்பி. "எங்க மாமா கரியமில வாயுவைப் பிடிச்சு, கரண்ட் விட்டு ஆல்கஹால் ஆக்குறாருங்கய்யா" என்று ஆலை முழுக்கத் தமுக்கடித்திருந்தான். வீட்டில் மட்டும் கேலி: "அக்கா, பாத்துக்க. புகைபோக்கியில வாயை வச்சே உறிஞ்சிடப் போறாரு."

இன்று முதலாளி நேரிலேயே வந்துவிட்டார். ஆய்வுக்கூடம் என்று பெயர் வைத்திருந்த தகரக் கொட்டகையில் இருந்த ஒரே நாற்காலியில் அவரை உட்காரவைத்து, ஆராய்ச்சிக்காரர் விளக்கினார். கண்ணாடிக் கலத்தில் உப்பு நீர், அதில் செப்புத் தகடு. வாயுவை உள்ளே விட்டு மின்சாரம் செலுத்தி, பிறகு அந்த நீரில் ஒரு துளியைச் சோதனைக் கருவியில் விட்டார். திரையில் கோடு கூம்பாக எழும்பி இறங்கியது.

"இதுதாங்க ஆல்கஹால்."

அத்தோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே! "இப்போ புகைக்குப் பதிலா வெறும் நைட்ரஜன் விடுறேன். ஒண்ணுமே வராது பாருங்க" என்றார். கலத்தைக் காலி செய்து, சீக்கிரம் உலரட்டுமென்று வழக்கம்போல ஆல்கஹாலால் அலசி, புது நீர் ஊற்றி ஓடவிட்டார். வெறும் ஓட்டம் என்பார்கள் இதை. எந்தச் சோதனைக்கும் முதலில் செய்ய வேண்டியது. அவரோ அப்புறம் பார்த்துக்கொள்ளலாமென்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டிருந்தார்.

கோடு எழும்பியது. அதே இடம், அதே உயரம்.

மச்சான் கைதட்டினான். "பாத்தீங்களாய்யா! புகையே இல்லாமக்கூட எடுத்துட்டாரு எங்க மாமா!"

முதலாளியும் தட்டினார். "பெரிய கலமாவே கட்டிடலாம்."

ஆராய்ச்சிக்காரர் கலத்தின் மூடியைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். மூடியின் ரப்பர் வளையம், அலசிய ஆல்கஹாலைக் குடித்துவைத்துக்கொண்டு நீரில் கக்கியிருக்கிறது. இத்தனை நாளும் தான் கழுவி ஊற்றியதையே கண்டுபிடித்துக் குதித்திருக்கிறார். வாயை மூடிக்கொண்டால் இங்கே ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. மச்சானின் முகம் பூரித்துக் கிடந்தது. அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

"ஐயா... இது புகையிலேர்ந்து வந்ததில்ல. நான் கலம் கழுவின ஆல்கஹால்."

"இப்ப வந்ததா?"

"எல்லாமேதான். ஆரம்பத்துலேர்ந்தே."

முதலாளி எழுந்தார். ஆராய்ச்சிக்காரரை ஒரு வார்த்தை கேட்கவில்லை, மச்சானிடம் திரும்பினார். "வேலை நேரத்துல உனக்கு இங்க என்னப்பா வேலை?"

"அவனுக்கு எதுவும் தெரியாதுங்கய்யா, தப்பு என்னோடது..." என்று சொல்லி முடிப்பதற்குள் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிவிட்டது.

மச்சான் கலத்தின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். திட்டுவான் என்று ஆராய்ச்சிக்காரர் காத்திருந்தார். திட்டினால் தேவலை.

"இந்த ரப்பரை மாத்திட்டாச் சரியாயிடும்ல மாமா? நான் நல்லதாப் பாத்து வாங்கியாறேன்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மாத்தினா கோடே எழும்பாது மச்சான்."