கையெழுத்து வைத்த தாள்கள்

கச்சிமுகம்மது ஆறாவது தாளின் அடியில் கையெழுத்து வைத்துவிட்டு மை காய வாயால் ஊதினார்.

"தேத்தண்ணிக்கு இஞ்சி தட்டிப் போட்டியா?"

"போட்டிரிக்கன். ஆறுறதுக்குள்ள குடிங்க."

மனைவி ஸாலிஹா கோப்பையைக் கொண்டுவந்தபோது ஏழாவது தாள் அவர் முன்னால் இருந்தது. பேனை கையில் இருந்தது. நெஞ்சை ஒரு தடவை தடவினார். "காத்துப் பிடிச்ச மாதிரி" என்றார். பிறகு மேசையில் தலையைச் சாய்த்தார். சுபஹுத் தொழுதுவிட்டுச் சிலநேரம் அப்படிச் சாய்கிறவர்தான். கோப்பையைத் தட்டால் மூடி வைத்துவிட்டு அவள் அவருடைய தோளைத் தொட்டாள்.

அவளும் மகள் நஸீறாவும் சேர்ந்து அவரைக் கட்டிலுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வளவிலிருந்து அவளுடைய தம்பி மஜீட் ஓடிவந்தான். கையைப் பிடித்துப் பார்த்தான். நெஞ்சில் காதை வைத்தான். நிமிர்ந்தபோது "இன்னாலில்லாஹி" என்று மெதுவாக ஓதினான். சுவர்க் கடிகாரத்தில் ஆறு பத்து.

ஸாலிஹா அவருடைய கண்களை மூடிவிட்டாள். நஸீறா வெள்ளைத் துணியைக் கிழித்துக் கொடுக்க, மஜீட் தாடையைக் கட்டி, கட்டிலைக் கிப்லாவுக்குத் திருப்பினான்.

"பள்ளிக்குப் போய்ச் செல்லிட்டு வாறன் ராத்தா. ஸ்பீக்கர்ல செல்லணும்."

"போ."

அவன் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது வேலிக் கடப்படியில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"சேர்மன் ஐயா. சேர்மன் ஐயா."

கிராம சபையைக் கலைத்து ஐந்து வருடமாகிவிட்டது. இப்போது அவர் பிரஜைகள் குழுவின் தலைவர் மட்டும்தான். ஆனால் கிட்டங்கித் துறைக்கு அப்பால் வயல் செய்கிற சனங்களுக்கு, முஸ்லிமானாலும் தமிழரானாலும், அவர் இன்னும் சேர்மன்தான். அவர்கள் விடிய வெள்ளாப்பில் புறப்பட்டு வருவார்கள். அவரோ அதற்கு முன்பே யாருடைய அலுவலுக்காவது சைக்கிளில் போயிருப்பார். வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்றுதான் குழுவின் தாள்களில் வெறுமையாகவே கையெழுத்து வைத்து அலுமாரியில் வைப்பார். கடிதத்தை எழுதுவது ஸாலிஹா. எஸ்.எஸ்.ஸி. வரைக்கும் படித்தவள். அரசாங்கக் கச்சேரியிலும் படை முகாமிலும் சேர்மனின் எழுத்து என்று அறிந்திருந்தது அவளுடைய எழுத்தைத்தான்.

கடப்படியில் நின்றது சவளக்கடைச் சிவக்கொழுந்து. முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்திருந்தது.

"தங்கச்சி, என்ட மனிசனக் கொண்டு போயிட்டாங்க."

"ஆரு?"

"கேம்புக்காரங்க. நேத்துப் பொழுது படக்குள்ள வயலுக்குத் தண்ணி மாத்தப் போனவரு. மம்பட்டியோட லொறியில ஏத்திட்டாங்க. கடற்கரைக் கேம்பிலதான் வெச்சிரிக்காங்களாம். பத்து மணிக்கு அம்பாறைக்குக் கொண்டு போறாங்களாம். அங்க போனா மறுகா ஆளக் காணேலாது தங்கச்சி. ஐயாவ ஒருக்கா வரச் சொல்லு."

மஜீட் செருப்பைப் போட்டுவிட்டான். பள்ளிவாசல் ஒழுங்கைக்கு எதிரில் இருந்தது. பள்ளி ஸ்பீக்கரில் பேசினால் கடற்கரை முகாம் வரைக்கும் கேட்கும்.

"அவருக்கு மேலுக்கு ஏலா அக்கா" என்றாள் ஸாலிஹா. "படுத்துக் கிடக்கார். இதில இரிங்க. தம்பி, நீ உள்ளுக்கு வா."

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று, அவர்கள் குசுகுசுத்தார்கள்.

"ராத்தா, உங்களுக்கு விளங்குதா? மௌத்தான மனிசன்ட கையெழுத்து."

"மௌத்தாக முந்தி வெச்ச கையெழுத்து."

"மையித்த வெச்சிக்கிட்டு மறைக்கிறதா? கெதியா அடக்கணும் எண்டு தெரியாதா? நீங்க இப்ப புருசன் மௌத்தாகி இத்தாவில ஒதுங்கி இரிக்க வேண்டிய ஆள்."

"பத்தரைக்குப் பள்ளிக்குச் செல்லு. பின்னேரம் அஸருக்கு அடக்குவம்."

"கேம்புக்காரன் ஒருக்காக் கண்டு பிடிச்சா அவள்ர புருசனத் திரும்ப எடுப்பான். மறுகா இஞ்ச வருவான். ஆறு பத்துக்கு மௌத்தானவர் எப்பிடிக் காயிதம் தந்த எண்டு கேப்பான். வீட்டில குமர்ப் புள்ள இரிக்கி."

"ஆறு பத்து எண்டு ஆருக்குத் தெரியும்?"

"அல்லாஹ்வுக்குத் தெரியும்."

"ஓம்" என்றாள் ஸாலிஹா. "அவனுக்குத் தெரிஞ்சிரிக்கட்டும்."

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு முன் விறாந்தை மேசைக்கு வந்தாள். முதலாவது தாளை எடுத்தாள்.

"உங்கட மனிசன்ட முழுப் பேர் என்ன அக்கா?"

"கந்தப்பன் நல்லரெத்தினம். அம்பத்தோரு வயசு. எழுது தங்கச்சி, நான் ஒளிக்கயில்ல. போன எலக்சனுக்கு அந்த மனிசன் ஐயாவுக்கு வோட்டுப் போடயில்ல. மத்த ஆளுக்குத்தான் போட்டாரு."

"அவருக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"தெரியும். நல்லரெத்தினம் பொய் செல்லத் தெரியாத மனிசன், உள்ளத மூஞ்சியிலயே எழுதி வெச்சிரிக்கான் எண்டு சிரிச்சார்."

"தெரிஞ்சிதானா எங்கட வாய்க்காலுக்கு முதல்ல மதகு போட்டாரு." சிவக்கொழுந்து அறைப்பக்கம் பார்த்தாள். "நான் ஒருக்கா உள்ள போய்க் கும்பிட்டுட்டு வரட்டா?"

"கண்ணயர்ந்துட்டார்."

"அப்ப எழுப்பாத. அந்த மனிசன் எப்ப நித்திர கொள்றது."

ஸாலிஹா எழுதினாள். ஆங்கிலத்தில் அந்த வாசகங்கள் அவளுக்கு மனப்பாடம். இவரை இருபது வருடமாக எனக்குத் தெரியும். இவர் விவசாயி. இவர் எந்தக் குழப்பத்திலும் சம்பந்தப்படாதவர். கடைசி வாக்கியத்துக்கு வந்ததும் பேனை நின்றது. இவருடைய நடத்தைக்கு நானே நேரில் பொறுப்பு நிற்கிறேன். எத்தனையோ பேருக்கு எழுதிய வரி. உள்ளே நஸீறா விசும்பினாள். அடக்கியும் அடங்காமல் ஒருமுறை வெளியே கேட்டது.

"ஆரு அழுறது?"

"மகள். பல்லுக் கொதி."

"கராம்ப நசுக்கி வெச்சிக் கடிக்கச் சொல்லு" என்றாள் சிவக்கொழுந்து. ஆனால் அவளுடைய பார்வை ஸாலிஹாவின் முகத்திலிருந்து போகவில்லை.

ஸாலிஹா கடைசி வரியை எழுதி முடித்தாள். அன்றைய திகதியைப் போட்டாள். அதில் பொய் இல்லை. வட்ட முத்திரையை ஊதிக் குத்தினாள். கடிதத்தை மடித்து நீட்டியபோது அதை வாங்கியது சிவக்கொழுந்து அல்ல. மஜீட் வந்து வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தான். யாரையும் பார்க்காமல் தன்னுடைய மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான்.

"வாங்க அக்கா. பின்னால ஏறுங்க. அங்க நீங்க ஒண்டும் கதைக்க வேணாம்."

சத்தம் ஒழுங்கையைத் தாண்டிப் போனதும் ஸாலிஹா அடுப்படிக்குப் போய் நெருப்பு மூட்டினாள். நஸீறா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உம்மா, மௌத்து வீட்டில அடுப்பா?"

"பத்தரைக்குத்தான் மௌத்து வீடு."

காலையில் புகை எழாவிட்டால் பக்கத்து வீட்டு ஸுல்பிகா வேலிக்கு மேலால் பார்ப்பாள். புகை எழுந்தும் பார்த்தாள்.

"ராத்தா, சேர்மன் காக்கா இண்டைக்குப் போகல்லயா? சைக்கிள் நிக்கிது."

"காய்ச்சல்."

"நான் வந்து பாக்கட்டா?"

"வேணாம் புள்ள. ஆளக் கண்டா எழும்பி இரிந்து கதைக்கத் தொடங்கிருவார்."

ஸுல்பிகா சிரித்தாள். "அது உண்மதான்."

ஸாலிஹா ரொட்டி சுட்டாள். ஒன்றன் மேல் ஒன்றாக ஐந்து ரொட்டி அடுக்கினாள். அவற்றை யாரும் தொடவில்லை. அறைக்குப் போய்க் கட்டிலின் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். அவருடைய கால் விரல்கள் போர்வைக்கு வெளியே தெரிந்தன. நகத்தில் கிட்டங்கிச் சேறு. இழுத்து மூடினாள். யாஸீனை வாய்க்குள் ஓதினாள். ஒழுங்கையில் ஒவ்வொரு வாகனச் சத்தத்துக்கும் ஓதல் நின்றது. ஒன்பது மணிக்கு ஒரு லொறி போனது. அது மீன் லொறி. ஒன்பதரைக்கு மழை தூறி விட்டது. நஸீறா தாவணித் துணியை வாய்க்குள் அடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தாள். கடிகாரம் பத்தடித்தது. மஜீட் வரவில்லை.

பத்தேகாலுக்கு மோட்டார் சைக்கிள் வந்தது. மஜீட் நனைந்திருந்தான்.

"விட்டுட்டான்."

ஸாலிஹா துவாயை எடுத்து நீட்டினாள்.

"லொறியில ஏத்தி வெச்சிரிந்தான். பெரியவன் காயிதத்த ரெண்டுதரம் பாத்தான். எழுத்தப் பாத்தான். சேர்மன் ஏன் வரல்ல எண்டான். காய்ச்சல் எண்டன்." மஜீட் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தான். "நாலு குளிசை தந்தான். சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொண்டாக் குடுக்கட்டாம்."

இருவரும் பொட்டலத்தைப் பார்த்தார்கள்.

"காயிதம்?"

"அவன் வெச்சிக்கிட்டான். ஃபைல்ல போட்டான்."

"அவங்க ரெண்டு பேரும்?"

"கிட்டங்கியால அனுப்பிட்டன். நல்லரெத்தினம் அண்ணனுக்கு நடக்கேலா. கைத்தாங்கலாக் கொண்டு போறா." பிறகு அவன் கட்டிலைப் பார்த்தான். "இப்ப போறன் ராத்தா."

பத்தரைக்கு ஸ்பீக்கர் கரகரத்தது. கச்சிமுகம்மது சேர்மன் மௌத்தாகிவிட்டார் என்று மோதினார் சொல்லி முடிக்குமுன் ஸுல்பிகா வேலியைத் தாண்டி ஓடிவந்தாள். அப்போதுதான் நஸீறா வாய்விட்டு அழுதாள். பெண்கள் ஸாலிஹாவைப் பிடித்துக்கொண்டார்கள். அழு, அழு என்றார்கள். அவளுக்கு வரவில்லை.

அஸருக்கு முன்பே உள்ளூர்ச் சனமும் வயற்பக்கத்துச் சனமும் ஒழுங்கையை நிறைத்துவிட்டன. ட்ரக்டர் பெட்டிகளில் வந்து இறங்கினார்கள். காரைதீவிலிருந்தும் பாண்டிருப்பிலிருந்தும் ஆட்கள் வந்து வெயிலில் நின்றார்கள். தமிழ் முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு ஒரு வருடமாக அந்த ஒழுங்கைக்குள் கால் வைக்காத தமிழர்கள்.

ஸாலிஹா வெள்ளை உடுத்தித் திரைக்குப் பின்னால் இருந்தாள். வந்த பெண்கள் ஒவ்வொருவரும் அவளைக் கட்டிப்பிடித்து, "எத்தின மணிக்குப் புள்ள?" என்றுதான் முதலில் கேட்டார்கள். பத்தரைக்கு என்றாள். இருபது முப்பது தடவை சொன்னாள்.

சிவக்கொழுந்து வந்தாள். குளித்து, வேறு சேலை கட்டியிருந்தாள். ஸாலிஹாவின் பக்கத்தில் பாயில் இருந்தாள். அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஜனாஸாவைத் தூக்கும் வரைக்கும் அப்படியே இருந்தாள். நேரம் மட்டும் கேட்கவில்லை.

அந்த முகாம் இப்போது இல்லை. நல்லரெத்தினம் அதன் பிறகு பதினேழு வருடம் வயல் செய்தார். பள்ளிவாசலின் மௌத்துப் பதிவில், கச்சிமுகம்மதுவின் பெயருக்கு எதிரே, காலை பத்தரை மணி என்று இருக்கிறது.