நாலு முறை சுட்ட பீரங்கி

பீரங்கியைப் பற்றி தஸ்தகீருக்குத் தெரிந்ததெல்லாம் அது கனமாக இருக்கும் என்பது மட்டும்தான். ஓசூர் சிப்காட்டில் ஒரு வார்ப்பட ஆலையில், வார்ப்புக்கான மர அச்சு செய்யும் பேட்டர்ன் ஷாப்பில் பதினாறு வருஷம் மரம் செதுக்கியவர். தொண்ணூற்றிரண்டில் அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். அதன்பிறகு பாகலூர் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு, மிஷின்களை அனுப்பும் மரப்பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தூங்காத மனிதருக்கு அது பெரிய தண்டனை.

பித்தளை வியாபாரி குலாம் ரசூல் ஒரு நாள் சுருட்டிய வரைபடத்தோடு வந்தார்.

"வெளிநாட்டுல ஒருத்தர் ஆறு பீரங்கி கேக்கறார் பாய். குழல் நான் வார்த்துட்டேன். அது உக்கார்ற வண்டியை நீங்க செய்யணும்."

"யாரோட சண்டை?"

"சண்டையெல்லாம் இல்ல. பழைய காலத்து மாடல். அசல்ல மூணுல ஒரு பங்கு சைஸ்."

தஸ்தகீர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். "குதிரை பூட்டற கொக்கி போட்டிருக்கே. குதிரையும் மூணுல ஒரு பங்கா?"

"குதிரை நம்ம ஆர்டர்ல இல்ல."

அன்றே பெட்டி வேலையை நிறுத்திவிட்டார். சக்கரம் பத்தொன்பது அங்குலம். நடுவில் குடம், அதிலிருந்து பன்னிரண்டு ஆரக்கால், சுற்றிலும் ஆறு துண்டாக வட்டை. இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சிச் சக்கரத்தில் ஏற்றும்போது மனைவி ஃபகருன்னிசா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். இருபது நாளாக அவர் குழம்பில் உப்பைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. மனுஷர் சந்தோஷமாக இருக்கிறார் என்று அவள் அதிலிருந்து தெரிந்துகொண்டாள்.

முதல் வண்டி முடிந்து குழலையும் ஏற்றிய பிறகுதான் குலாம் ரசூல் வெளிநாட்டிலிருந்து வந்த ஆர்டர் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். ஒரு பீரங்கியை மூன்று முறை சுட்டுப் பார்க்க வேண்டும். வண்டி தாங்கியதா என்று தகுதியுள்ள ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலரிடம் போனார்கள். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "சாதிக்கு ஃபாரம் இருக்கு, வருமானத்துக்கு இருக்கு. பீரங்கிக்கு இல்லீங்க" என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது.

கடைசியில் சூளகிரிப் பக்கம் நாராயணப்பனின் கிரானைட் குவாரியில் வெடி வைக்கும் கங்கப்பன் அகப்பட்டார். லைசென்ஸ் உள்ளவர், கையெழுத்துக்குக் கீழே நம்பரும் போடக்கூடியவர். அதிகம் பேசமாட்டார்.

பீரங்கியைக் கழிவுக்கல் மேட்டைப் பார்த்து நிறுத்தினார்கள். வண்டி பின்னால் ஓடிப் பாலிஷ் கெட்டுவிடுமோ என்று தஸ்தகீருக்குப் பயம். சக்கரங்களுக்குப் பின்னால் இரண்டு கல்லும், வண்டியிலிருந்து பின்பக்கம் நீண்டு தரையில் ஊன்றிய வால் கட்டைக்குப் பின்னால் ஒரு பெரிய கல்லும் வைத்து இறுக்கினார். கங்கப்பன் எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் திரியைப் பற்றவைத்தார்.

சத்தம் அடங்கிப் புகை விலகியபோது வால் கட்டை இரண்டாகப் பிளந்து கிடந்தது.

தஸ்தகீர் போய் அதன் பக்கத்தில் குந்தினார். இருபது நாள் வேலை. பதினாறு வருஷத்தில் அவர் செய்த எந்த மரமும் இப்படி எல்லார் முன்னாலும் உடைந்ததில்லை. உடைந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். இணைப்புகள் எல்லாம் அப்படியே இருந்தன. கல் அழுத்திய இடத்தில்தான் மரம் பிளந்திருந்தது.

"நான்தான் உடைச்சிருக்கேன்" என்றார். "அது பின்னால போவப் பாத்திருக்கு. நான் வுடல."

"ஆமா" என்றார் கங்கப்பன்.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"நீங்க கேக்கல."

பத்து நாளில் கருவேல மரத்தில் புது வால் கட்டை போட்டு வந்தார். இந்த முறை கல் வைக்கவில்லை. முதல் வெடிக்கு வண்டி ஆறடி பின்வாங்கி நின்றது. இரண்டாவதுக்கும் அவ்வளவுதான். மூன்றாவதுக்கு ஒன்பதடி ஓடி, அங்கே நிறுத்தியிருந்த நாராயணப்பனின் புல்லட் பைக்கில் போய் முட்டியது. புல்லட் விழுந்தது. வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. நாராயணப்பன் மட்டும் கொஞ்ச நேரம் தெலுங்கில் பேசினார்.

குலாம் ரசூல் பேனாவை நீட்டினார். "மூணு தடவை சுட்டது, சேதாரம் இல்லைன்னு போடுங்க."

"நாலு தடவை சுட்டேன்" என்றார் கங்கப்பன்.

"மொதல்ல சுட்டது கணக்கு இல்லீங்க."

"மருந்து என் ரிஜிஸ்டர்ல நாலு தடவை போயிருக்கு."

குலாம் ரசூல் தஸ்தகீரின் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்க பாய். ஒடஞ்சதுன்னு எழுதினா ஆர்டர் போச்சு. நீங்க மறுபடி பெட்டிக்கு ஆணி அடிக்கணும்."

தஸ்தகீர் வண்டியைப் பார்த்தார். மறுபடி ஆணி அடிக்க அவருக்கு மனசே இல்லை. ஆனால் உடையாத வண்டி என்று ஒரு பொய்க் காகிதம் கூடவே போனால், நன்றாகச் செய்த இந்த வண்டியும் பொய்யாகிவிடும் போலத் தோன்றியது.

"நாலுன்னே எழுதுங்க" என்றார். "கல்லு வச்சது நான்தான்னும் எழுதுங்க."

மற்ற ஐந்து வண்டியும் முடிந்ததும், அந்தக் காகிதத்தோடு ஆறு பீரங்கியும் மெட்ராஸ் துறைமுகம் போயின. குலாம் ரசூல் இரண்டு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை. தஸ்தகீர் மறுபடி பெட்டி அடித்தார். குழம்பில் உப்பு ஒரு நாள் கூடிவிட்டது என்றார், ஒரு நாள் குறைந்துவிட்டது என்றார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, தஸ்தகீர் தொழுகை முடிந்து வந்தபோது குலாம் ரசூல் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். கையில் கடிதம்.

"அந்த வெளிநாட்டுக்காரன் வேற ஊர்கள்ல இருந்தும் வாங்கியிருக்கானாம். அத்தனை பேரும் குறையே இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. நம்ம காகிதத்தைப் பாத்துத்தான் நிஜமாவே யாரோ சுட்டிருக்காங்கன்னு நம்பினானாம்." கடிதத்தைத் திருப்பினார். "இன்னும் பன்னிரண்டு வேணுமாம். ஒடஞ்ச அந்தக் கட்டையையும் அனுப்பச் சொல்றான். கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறானாம்."

தஸ்தகீர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "அந்த ஒடஞ்ச கட்டை எங்க?"

"ரம்ஜானுக்குப் பிரியாணி எதுல ஆச்சுன்னு நினைக்கறீங்க?" என்றாள் ஃபகருன்னிசா.

குலாம் ரசூல் கொஞ்சம் யோசித்தார். "வேற ஒண்ணு செஞ்சு ஒடச்சு அனுப்பிடலாமா?"

"எரிச்சாச்சுன்னு எழுதுங்க" என்ற தஸ்தகீர், பன்னிரண்டு வண்டிக்கு எத்தனை ஆரக்கால் என்று சுவரில் எழுதத் தொடங்கினார்.