நடுவில் கைதட்டக் கூடாது

சங்கீதத்துக்கும் எனக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. பேண்ட் காலைக் குட்டையாக்குவதும் சட்டை இடுப்பைப் பிடித்துக் கொடுப்பதும்தான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவள் வியாழன்தோறும் பல்கலைக்கழக இசைப் பள்ளியின் கச்சேரிக் கூடத்தில், மூன்றாம் வரிசையில் போய் உட்கார்ந்ததற்குக் காரணம் என் வீட்டுக்காரர். அவர் அங்கேதான் தூங்குவார்.

சிரிக்காதீர்கள். அவர் பஸ் டிரைவர். ஒரு நாள் காலையில் ஒரு பெண் போனைப் பார்த்துக்கொண்டே வண்டிக்குக் குறுக்கே வந்துவிட்டாள். இவர் பிரேக்கை மிதித்தார், ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவள் இவரைத் திட்டிவிட்டுத் தன் வழியே போனாள். இவருக்கு அன்றோடு தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் போதும், வலது கால் தானாக மிதிக்கும், கட்டில் அதிரும். மாத்திரை, வெந்நீர்க் குளியல், எதற்கும் மசியவில்லை. டிப்போவில் விடுப்பு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் கெடுவும் வைத்தார்கள்: இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை டாக்டர் பார்த்துச் சரி என்றால் ஸ்டியரிங், இல்லையென்றால் ஸ்டோர் ரூம். ஸ்டோர் ரூமில் போட்டால் மனுஷன் உயிரோடு செத்துவிடுவார்.

அந்தக் கூடத்துக்குள் முதலில் மழைக்குத்தான் ஒதுங்கினோம். எதிர்க்கடை டீயைவிட டிக்கெட் மலிவாக இருந்தது, சரி உட்காரலாம் என்று உட்கார்ந்தோம். ஒரு மாணவி பியானோ வாசித்தாள். உயரமான ஜன்னல் வழியாக மழை வெளிச்சம் தரையில் நெளிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இவர் கால் இரண்டு தரம் மிதித்தது, அப்புறம் நின்றது. திரும்பிப் பார்த்தால் தாடை நெஞ்சில் விழுந்திருந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு உருப்படி மூன்று நான்கு பாகமாக வரும். ஒவ்வொரு பாகமும் முடியும்போது எல்லாம் முடிந்ததுபோலவே இருக்கும், ஆனால் கைதட்டக் கூடாது. கடைசியில்தான் தட்ட வேண்டும். இந்த விதியைப் போட்ட புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்! விவரம் தெரியாத யாராவது நடுவில் தட்டினால் இவர் திடுக்கிட்டு எழுவார், கால் தரையை உதைக்கும். அதனால் நான் காவலுக்கு நின்றேன். யார் கையாவது லேசாக உயர்ந்தாலும் திரும்பி ஒரு முறை முறைப்பேன், அந்தக் கை மடிக்குப் போய்விடும். கடைசியிலும் சட்டென்று தட்டமாட்டேன். இன்னும் ஒரு நொடி தூங்கட்டுமே என்று இழுத்தடிப்பேன்.

இந்த ஜனங்கள் அதை என்னவென்று எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா? ஒரு நாள் வெள்ளி முடிப் பேராசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி நாதம் அடங்குற வரைக்கும் காத்திருக்கீங்களேம்மா, அந்த ரசனை எங்க பிள்ளைங்களுக்கே வரலை."

"ஏதோ, என்னால முடிஞ்சது" என்றேன். வேறென்ன சொல்வது?

வெளியே வந்ததும் இவர், "மேதாவியம்மா, பார்த்து இறங்குங்க, படி இருக்கு" என்று கிண்டலடித்தார். அதற்குப் பிறகு கூடமே என் கையைப் பார்த்துத் தட்ட ஆரம்பித்தது.

விடுமுறைக்கு முந்தின கடைசிக் கச்சேரி வந்தது. ஒரு மாணவிக்கு அதுதான் பட்டத் தேர்வும்கூட. ஒல்லியான பெண், பிடில் மாதிரி, ஆனால் தன்னைவிடப் பருமனான செல்லோவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தச் சத்தம் தரைக்கு அடியிலிருந்து கிளம்பி நாற்காலி வழியாக முதுகில் ஏறியது. வெயில் சுவரில் மெல்ல நகர்ந்தது. கூடம் எங்கேயோ மிதந்து போய்க்கொண்டிருப்பது மாதிரி எனக்கே கண் சொருகியது. இவரோ வாயைத் திறந்துகொண்டு, என்றைக்கும் இல்லாத தூக்கம்.

வாசிப்பு முடிந்தது. நான் தட்டவில்லை. அந்தத் திங்கட்கிழமைக்கு இன்னும் நாலே நாள். தூங்கட்டும், இன்னும் கொஞ்சம் தூங்கட்டும். நான் தட்டாததால் ஒருவரும் தட்டவில்லை. அத்தனை பேரும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அமைதியில் இவருடைய மூச்சு மட்டும் சீராகக் கேட்டது. அப்படியே உலகம் நின்றுபோனால்கூடத் தேவலை என்றிருந்தது.

அப்போதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இத்தனை வாரத்தில் வாசிக்கிறவர்களின் முகத்தை நான் பார்த்ததே இல்லை, என் பார்வை எப்போதும் இவர் மேல்தான். அவள் வில்லை இறக்கிவிட்டாள். எங்கே தப்பு செய்தோம் என்று அவள் கண் கூடம் முழுக்கத் தேடியது. முதல் வரிசையில் பூங்கொத்தோடு இருந்த அவள் அப்பா திரும்பி என்னையே பார்த்தார், கெஞ்சுவதுபோல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட பாவிகளா, உங்களுக்கெல்லாம் கை இல்லையா? ஒரு தையல்காரியா சொல்ல வேண்டும்?

இவர் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டேன். கையைத் தட்டினேன்.

கூரை பிய்ந்துபோகிற மாதிரி கூடம் தட்டியது. இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது, விழித்துக்கொண்டார், கால் தரையை ஓங்கி மிதித்தது.

"முடிஞ்சிடுச்சா? இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாமேம்மா" என்றார்.

"அந்தப் பொண்ணப் பாருங்க" என்றேன்.

பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள், வில் பிடித்த கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. இவர் எழுந்து நின்று தட்டினார். எல்லாரும் நிறுத்தின பிறகும் தட்டினார்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸை ஓட்டியது இவருடைய கூட்டாளி. இவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். எழுப்பிவிட்டேனே என்று நான் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தானே வாசிச்சுச்சு?" என்றார் திடீரென்று.

"நல்லாத்தான் வாசிச்சுச்சு."

"ஒரு தப்பும் நடக்கலை. ஆனாலும் எப்படி நடுங்குச்சு பார்த்தியா?"

"ஆமாங்க."

"ஒண்ணுமே நடக்கலையே..." என்று தனக்குள் இன்னொரு தரம் சொன்னார். தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. கொஞ்ச தூரம் போனதும் என் தோளில் இவர் தலை பாரமாக விழுந்தது. நான் அசையவில்லை. எங்கள் நிறுத்தம் வந்தது, கதவு திறந்தது.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "அண்ணி, இறங்கலையா? இதை விட்டா நேரா டிப்போதான்."

"சத்தம் போடாம ஓட்டுப்பா," என்றேன். "டிப்போவுக்கே போகட்டும்."