ஒரு வீட்டுக்கு ஒரு நம்பர்

தேவிப்பிரியா சும்மா உட்கார்ந்திருந்தால் அவள் அப்பா பரந்தாமனுக்குப் பொறுக்காது. அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்கு வாரம் முழுக்க புரோகிராம் எழுதுகிறவள், ஞாயிற்றுக்கிழமையாவது கால் நீட்டிக்கொண்டு கிடக்கட்டுமே என்று நினைக்கிற மனிதர் இல்லை அவர். ஆவடியில் அவர்களுடைய சங்கத்தார் வரன் பார்க்க ஒரு ஆப் வேண்டும் என்று பேசிக்கொண்டபோது, "எம் பொண்ணு செஞ்சி குடுக்கும்" என்று அங்கேயே சொல்லிவிட்டு வந்துவிட்டார். செய்கிறவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவளும் செய்தாள். சங்கத்தில் இருப்பது சுற்றுவட்டாரத்துச் சில குடும்பங்கள். இதற்குப் போய்ப் பெரிய டேட்டாபேஸ் எதற்கு, சின்னதாக ஒரு கீ-வேல்யூ ஸ்டோர் போதும் என்று வைத்துக்கொண்டாள். கோயில் வாசலில் செருப்பு வைக்கிற இடம் மாதிரிதான் அது. டோக்கனைக் கொடுத்தால் அந்த டோக்கனுக்கு உள்ளதை எடுத்துத் தரும், வேறு ஒரு கேள்வி கேட்காது. எதை டோக்கனாக வைப்பது என்று சங்கத்துச் செயலாளர் பாஸ்கரனைக் கேட்டாள்.

"ஊட்டுப் பெரியவங்க போன் நம்பர் போதும்மா. பொண்ணுங்க நம்பரை எவன் ஆப்ல போடுவான்" என்றார் அவர்.

அவள் தலையாட்டிவிட்டு அப்படியே எழுதினாள். முப்பத்திரண்டு வயதில், சொந்தச் சம்பளத்தில் வாங்கிய லேப்டாப்பில், பெண்களுக்கென்று ஒரு நம்பர் இல்லாத ஆப்பை அவளே எழுதினாள். அந்தக் கோபம் அவளுக்குப் பிறகுதான் வந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்குப் போயிருந்தபோது திருநின்றவூர் தினகரன் போனை நீட்டிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"சின்னவளைப் போட்டேம்மா. பெரியவளைக் காணோம். எங்க போச்சி?"

பார்த்ததுமே புரிந்துவிட்டது. இரண்டு பெண்களுக்கும் அப்பா நம்பர் ஒன்றுதான். ஒரே டோக்கனில் இரண்டாவது வந்ததும் முதலாவது சத்தமில்லாமல் போய்விட்டது. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் இருப்பார்கள் என்பது இரண்டு பெண்கள் இருக்கிற வீட்டில் பிறந்தவளுக்கே தோன்றவில்லை. அவளுக்கு முகம் சுருங்கிப்போனது. "என் தப்புதாங்க. இன்னிக்கே சரி பண்ணிடறேன், பெரிய பொண்ணைத் திரும்பப் போட்டுக்கலாம்" என்றாள்.

அவர் நகர்ந்த பிறகுதான் தன் வீட்டு ஞாபகம் வந்தது. அப்பா நம்பரை அடித்துப் பார்த்தாள். கவிப்பிரியா, வயது இருபத்தாறு என்று வந்தது. அவளுடைய தங்கை. முதலில் போட்டது அவள் பேரைத்தான்; இப்போது தேவிப்பிரியா என்று ஒருத்தி அந்த வீட்டில் இருந்ததாகவே ஆப்புக்குத் தெரியவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்லித்தான் ஆக வேண்டும், அவளுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆப் வந்த இந்த ஒரு வருஷமாக ஒருவர்கூட அவளைக் கேட்டு வரவில்லை. வயசாகிவிட்டது, செவ்வாய் இருக்கிறது, நிறம் மட்டு என்று அம்மா ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம் சொல்வாள், இவளும் ஒவ்வொன்றையும் நம்பிக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வாள். கடைசியில் பார்த்தால் எதுவுமே இல்லை, வெறும் பக். தான் எழுதிய தப்புக்காக இவ்வளவு மகிழ்ந்த புரோகிராமர் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். ஷேர் ஆட்டோவில் பருத்திப்பட்டு வரைக்கும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அம்மா வசந்தா எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஞாயிறு சாயங்காலம் ராகு காலத்தில் கல்யாணம் கூடிவரத் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு ஏற்றுவது ஒரு வருஷமாக நடக்கிறது. சாறு பிழிந்து மூடியைத் திருப்புகிற வேலை தேவிப்பிரியாவுடையது. விரல் எரியும், அவள் சொல்லிக்கொண்டதில்லை.

"நைனா, ஒரு கூத்து கேளு" என்று செருப்பைக்கூட கழற்றாமல் ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். கவியைப் போட்டதும் தன் பேர் அழிந்துபோனதையும், அதனால்தான் யாரும் வரவில்லை என்பதையும். பரந்தாமன் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்மா. நீதானே சொன்னே."

சொல்லியிருந்தாள். ஆப்பைப் போனில் போட்டுக்கொடுத்த அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "புதுசு போட்டா பழசு இன்னா ஆவும்?" என்று கேட்டார். வயசான காலத்தில் எவ்வளவு அக்கறையாகக் கற்றுக்கொள்கிறார் என்று இவளுக்குப் பெருமை. "போய்டும் நைனா. கேக்கக்கூட கேக்காது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள்.

"கவிக்கு வேலை இல்ல, ஒண்ணும் இல்ல. அது முதல்ல ஒரு ஊட்டுக்குப் போவட்டும். உனக்கு இன்னா, உத்தியோகம் கீது. நீயும் பூட்டா இந்த ஊட்டை யாரு பாக்கறது?" என்றார் பரந்தாமன். குரலில் ஒரு தயக்கமும் இல்லை.

தேவிப்பிரியா அம்மாவைப் பார்த்தாள். "உனக்கும் தெரியுமா? அப்போ இந்த வெளக்கு?"

வசந்தா பழத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது கவிக்கும்மா. உனக்குன்னு யாரு சொன்னாங்க?"

தேவிப்பிரியா அழவில்லை. அழுதால் அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டுவார் என்று தெரியும். அவர் எதிரிலேயே தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். போன் நம்பரோடு பெண்ணின் பெயரையும் சேர்த்து டோக்கனாக்கினாள். பெரிய வேலை இல்லை, அன்றைக்கே செய்திருக்க வேண்டியது. முடித்துவிட்டுத் தினகரனைக் கூப்பிட்டாள்.

"சரி ஆயிடுச்சிங்க. பெரிய பொண்ணு பேரைத் திரும்பப் போடுங்க. இனிமே ஒருத்தர் வந்தா இன்னொருத்தர் போவமாட்டாங்க."

"மகராசியா இரும்மா. நீ எங்க ஊட்டுக்கு வந்துருக்க வேண்டிய பொண்ணு. எந் தங்கச்சி பையனுக்கு உன்னைத்தான் கேட்டோம். கல்யாணமே வாணாம்னு சொல்ட்டியாமே, உங்க நைனா சொன்னாரு."

அவள் அப்பாவையே பார்த்தாள். அவர் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அப்படிச் சொல்லலீங்க" என்றாள், அவருக்கும் கேட்கிற மாதிரி. "என்னை யாரும் கேக்கவே இல்ல. எனக்குக் கல்யாணம் வேணும்."

எலுமிச்சை நறுக்குகிற சத்தம் நின்றுபோனது. அந்தப் பக்கம் தினகரன், பெண் பிள்ளை வாயால் இதைக் கேட்டுப் பழக்கமில்லாதவர், பாவம், சங்கடப்பட்டுப் போனார்.

"அப்படியாம்மா? சந்தோஷம்மா. எதுக்கும் உங்க நைனாவை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

டிவிக்குப் பக்கத்தில் இருந்த பரந்தாமனின் போன் அடித்தது. அவர் எழுந்துபோய் எடுத்தார்.