ரோஷன் பீ பம்பு

அப்துல் கனி கையில் இரண்டு பாட்டில் தண்ணீரோடு தர்மபுரி பஸ்ஸுக்கு நின்றபோது, நல்லம்பள்ளி டீக்கடையில் உட்கார்ந்திருந்த யாருக்கும் வாய் சும்மா இருக்கவில்லை.

“என்னாங்க பாய், தர்மபுரியில தண்ணி கெடைக்காதா? இங்கிருந்து தூக்கிட்டுப் போறீங்க?”

“பரீட்சைக்குப் போவுதுப்பா. சாயங்காலம் வந்து மார்க்கு சொல்றேன்.”

அவருக்கு அன்று அவ்வளவு தெம்பு. மதராஸிலிருந்து ஒரு பல்கலைக்கழகத்தார் வந்து, தங்கள் ஆராய்ச்சிகளையெல்லாம் தர்மபுரிக் கல்லூரியில் ஒரு நாள் முழுக்க ஊருக்குத் திறந்து காட்டப்போவதாக ஜீப்பில் மைக் கட்டிச் சொல்லிப் போயிருந்தார்கள். வெயிலில் சோறு பொங்கும் அடுப்பு, கண்மூடித் திறப்பதற்குள் கணக்குப் போடும் இயந்திரம், கரண்டு விட்டுப் பூமிக்கடியில் பாறை பார்க்கும் கருவி. இதெல்லாம் கனியின் காதில் ஏறவில்லை. கடைசியாகச் சொன்ன ஒன்றுதான் ஏறியது: அவரவர் குடிதண்ணீரைக் கொண்டுவந்தால் சோதித்துச் சொல்வார்களாம்.

அவர் புளி மண்டி வைத்திருந்தார். அறுபத்தேழாம் வருஷத்துப் பஞ்சத்தில் கிணறுகள் சேறாகிக் கிடந்தபோதுதான் அவர் மனைவி ரோஷன் பீ காய்ச்சலில் போய்ச்சேர்ந்தாள். வாசலுக்கு வந்து கேட்ட யாரையும் வெறுங்குடத்தோடு அனுப்பாதவள். இறந்தவர் பேரில் தண்ணீர் கொடுத்தால், ஜனங்கள் குடிக்கும் காலமெல்லாம் அதன் நன்மை கபருக்குப் போய்ச்சேரும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னார். கனி யோசிக்கவே இல்லை. தொப்பூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஆழ்துளை போடும் போர் வண்டியை மறித்து அழைத்துவந்து, தெருமுனையில் பாறையைத் துளைக்க வைத்தார். தண்ணீர் பீறிட்டு வந்தது. அடிபம்பு வைத்து, பக்கத்தில் கல்லும் நட்டார். கல்லில் அவள் பேர் மட்டும்.

அவருக்கென்று ஒரு பிடிவாதம் இருந்தது. கொடுத்ததை மறுபடி கை நீட்டி வாங்கக்கூடாது. ஆகவே பம்பிலிருந்து ஒரு சொம்புகூட அவர் வீட்டுக்குள் வந்ததில்லை. மகன் நசீருதீனும் மருமகள் வஹிதாவும் பேரப்பிள்ளைகளும் புழக்கடைச் சேந்துகிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். கலங்கல் தண்ணீர், சப்பென்று இருக்கும், பருப்பு வேகாது. வஹிதா முணுமுணுப்பாள். தெருவோ, நல்ல தண்ணீரை ஊருக்குக் கொடுத்துவிட்டு மட்டமானதைத் தான் வைத்துக்கொண்ட மகராசன் என்று அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. கேட்கும்போது அவருக்கும் மனசு கொஞ்சம் குளிரத்தான் செய்யும். மனுஷன்தானே.

அதனால்தான் இரண்டு பாட்டில். ஒன்றில் பம்புத் தண்ணீர், இன்னொன்றில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். ரோஷன் பீயின் தண்ணீர் எவ்வளவு உசத்தி என்பதை மிஷின் வாயாலேயே கேட்க வேண்டும்.

கல்லூரியில் திருவிழாக் கூட்டம். தண்ணீர் மேஜைக்கு முன்னால் நின்ற வரிசையில் அவர் தெருக்காரன் மாதுவும் நின்றான். மானாவாரியில் கேழ்வரகு போட்டுப் பிழைக்கிறவன். கூடவே அவன் பெண்டாட்டி காவேரி, இடுப்பில் மகள் சாலம்மாளோடு. பம்பு போட்ட வருஷம் பிறந்த பெண். எட்டு வயசில் இடுப்பில் வருகிறவளா? ஆனால் அவளுக்கு முட்டி இரண்டும் உள்பக்கம் மடங்கி ஒன்றோடொன்று இடித்தன, பாதம் தள்ளித் தள்ளி விழுந்தது. நாலடி நடந்தால் உட்கார்ந்துவிடுவாள்.

“பெரிய பெரிய டாக்டருங்கல்லாம் வந்திருக்காங்கன்னாங்க, பாய். இவ காலைக் காட்டலாம்னு வந்தோம்,” என்றான் மாது.

சாலா கனியைப் பார்த்துச் சிரித்தாள். பல்லெல்லாம் பழுப்புக் கறை. தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்படித்தான். ஒழுங்காகப் பல் விளக்காத சோம்பேறிகள் என்று சொல்லி, ஒவ்வொரு ரம்ஜானுக்கும் பிள்ளைகளுக்குப் பல்பொடிப் பொட்டலம் கொடுப்பது கனியின் வழக்கம்.

மேஜைக்கு அந்தப் பக்கம் தெரசா என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் இருந்தாள். வெள்ளைக் கோட்டு, களைத்த முகம். இரண்டு கண்ணாடிக் குழாயில் இரண்டு தண்ணீரையும் ஊற்றி, இரண்டிலும் சிவப்பு மருந்து விட்டாள். கிணற்றுத் தண்ணீர் சிவப்பாகவே நின்றது. பம்புத் தண்ணீரில் சிவப்பு வெளுத்து வெளுத்து, கடைசியில் மஞ்சளாகிவிட்டது.

“பாத்தியா மாது!” கனி கையைத் தட்டினார். “தங்கமாட்டம் மாறுது பாரு! நான் சொல்லல?”

தெரசா சிரிக்கவில்லை. இன்னொரு முறை ஊற்றிப் பார்த்தாள். மறுபடி மஞ்சள்.

“ஐயா, இது எவ்வளவு ஆழத்துத் தண்ணி? யார் யார் குடிக்கிறாங்க?”

“பாறைக்கு அடியிலேர்ந்து வருதுங்கம்மா. தெருவே குடிக்குது. எங்க சம்சாரம் பேர்ல வெச்ச பம்பு.”

அவள் பார்வை அவரைத் தாண்டி சாலாவின் பல்லுக்குப் போனது. பிறகு காலுக்கு. எழுந்து வந்து குழந்தையின் முன் மண்டியிட்டு முட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

“பாறையில ஃப்ளோரைடுன்னு ஒரு உப்பு இருக்குங்கய்யா. அது இந்தத் தண்ணியில ரொம்ப அதிகமா இருக்கு. நாக்குக்குத் தெரியாது, ருசியாத்தான் இருக்கும். வளர்ற பிள்ளைங்களுக்குப் பல்லைக் கெடுத்து, எலும்பையும் வளைச்சிடும். இதைக் குடிக்கறத இன்னைக்கே நிறுத்திடணும். கிணத்துத் தண்ணிக்குப் பயமில்ல.”

“காய்ச்சிக் குடிச்சா?” என்று கேட்டார் கனி.

“காய்ச்சினா இன்னும் அதிகமாத்தான் ஆகும்.”

“எம் பொண்ணு காலு நேராவுமா?” என்று கேட்டாள் காவேரி.

“இதுக்கு மேல வளையாம பாத்துக்கலாம்மா,” என்றாள் தெரசா.

காவேரி அழுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் அழவில்லை. குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கனியின் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க பாயி, உங்க வூட்டுப் புள்ளைங்க மட்டும் ஏன் அந்தத் தண்ணியக் குடிக்கல?”

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நல்லதை உனக்குக் கொடுத்துவிட்டு மட்டமானதை நான் குடித்தேன் தாயே என்று சொல்ல அவருக்கு வாய் வரைக்கும் வந்தது. இத்தனை வருஷமாக ஊரே பாராட்டிய பேச்சு அது. இந்த இடத்தில், அந்த இரண்டு குழாய்களுக்கு முன்னால், அது பொய் மாதிரி இருந்தது.

மாது பெண்டாட்டியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். போகும்போது அவனும் பாயின் முகத்தைப் பார்க்கவில்லை.

நல்லம்பள்ளியில் இறங்கியதும் டீக்கடையில் கேட்டார்கள், மார்க்கு எவ்வளவு என்று. “பெயிலாயிடுச்சுப்பா,” என்று சொல்லிவிட்டு அவர் நேரே தெருமுனைக்கு நடந்தார். பம்பில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். நிறுத்துங்கள் என்றால் யார் நிறுத்துவார்கள்? “நல்லாத்தானே இருக்கு தண்ணி, பாய்க்கு என்னா வந்துச்சு?” என்று சாலையம்மன் கோயில் வீட்டு ராணியம்மாள் அடித்துக்கொண்டே இருந்தாள்.

கனி பம்பின் வாயில் கையைக் குவித்துப் பிடித்து ஒரு வாய் குடித்தார். அந்தத் தண்ணீரை அவர் குடித்தது அதுதான் முதல் தடவை. இனிப்பாக இருந்தது. இளநீர் மாதிரி இருந்தது. எட்டு வருஷமாக ஊருக்குக் கொடுத்ததைத் தன் பேரப்பிள்ளைகளும் குடித்திருந்தால், அவர்கள் பல்லைப் பார்த்தாவது சந்தேகம் வந்திருக்குமே. ஜனங்கள் குடிக்கும் காலமெல்லாம் ரோஷன் பீக்குப் போய்ச்சேரும் என்றார்களே, எது போய்ச்சேர்ந்தது? அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதார். பெண்கள் அடிப்பதை நிறுத்தினார்கள்.

அவர் சொல்லியனுப்ப, நசீருதீன் ஸ்பேனரோடு வந்து தயங்கி நின்றான். “அத்தா, அம்மா பேர்ல வெச்சது…”

“உங்கம்மா இருந்திருந்தா எனக்கு முன்னாடி அவ கழட்டியிருப்பா. கழட்டுடா.”

கைப்பிடி கழன்று வந்தது. அடுத்த காரியமாக, புழக்கடை மதிலை இடித்துத் தெருவிலிருந்து கிணற்றுக்கு வழி விட்டார். வெளி ஆண்கள் எட்டிக்கூடப் பார்க்காத புழக்கடை. வஹிதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மறுப்பேதும் சொல்லாமல் இன்னொரு ராட்டினம் கட்டக் கயிறு எடுத்துக் கொடுத்தாள். தெரு வந்தது. தயங்கித் தயங்கி வந்து, பிறகு வரிசை கட்டியது. காவேரி மட்டும் வரவில்லை. தூரத்து வயல் கிணற்றுக்குப் போய் எடுத்து வந்தாள்.

வெயில் ஏறி வயல் கிணறு வற்றிய பிறகு ஒருநாள் வந்தாள். இடுப்பில் சாலா, கையில் குடம். கனி ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார்.

“வுடுங்க பாயி, நானே சேந்திக்கறேன்.”

சேந்தினாள். குடம் நிறையும்போது, முன்வாசல் வழியாக வஹிதா தலையில் ஒரு குடத்தோடு உள்ளே போவது தெரிந்தது. பள்ளிவாசல் கிணற்றுத் தண்ணீர். காவேரியின் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது.

“அது எங்கிருந்து?”

“பள்ளிவாசல்லேர்ந்து, தாயி. இந்தக் கெணறு இப்ப தெருவுக்குக் கொடுத்தது. கொடுத்ததை நாங்க…” எதைச் சொல்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

“மறுபடியும் நாங்க குடிக்கணும், நீங்க குடிக்கமாட்டீங்க,” என்றாள் காவேரி. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

வாளியிலிருந்து சொம்பில் மொண்டு அவருக்கு நேராக நீட்டினாள். சாலா குடிக்க வாயைக் கொண்டுவந்தாள். காவேரி அவள் தலையைத் தள்ளிவிட்டு, “இரு, பாயி குடிக்கட்டும்,” என்றாள்.

கனி இரண்டு கையாலும் வாங்கி, பிஸ்மில்லா சொல்லிக் குடித்தார். அதே கலங்கல், அதே சப்பு. சொம்பு காலியாகும் வரை காவேரி பார்த்துக்கொண்டே நின்றாள். அதற்குப் பிறகுதான் மகளுக்கு மொண்டு கொடுத்தாள்.