வயர் பிடுங்கிய வண்டி

லூர்துசாமிக்கு ஹார்ன் அடிக்காமல் வண்டி ஓட்டத் தெரியாது. புனே விஷ்ராந்த்வாடியில் அவர் வேனைக் கிளப்பினால் ஆளந்தி ரோடு முழுக்கத் தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்ட மனிதரிடம் போய், வரகுக்கோழி என்ற அரிய புல்வெளிப் பறவைகள் மூன்றைச் சத்தமில்லாமல் சோலாப்பூர் பக்கம் கொண்டுபோய்ச் சேர் என்றால் என்ன நியாயம்?

சொன்னவள் தேஜஸ்வினி, கோயம்புத்தூரிலிருந்து வந்து பறவை ஆராய்ச்சி செய்யும் பெண். தொழிற்பேட்டைக்காகத் தோண்டிப்போட்ட புல்வெளியில் மிஞ்சியவை இந்த மூன்றுதான். இரண்டு சேவல், ஒரு பெட்டை. போய்ச் சேரவேண்டிய இடத்திலோ பெட்டையே கிடையாது.

"அண்ணா, இதுங்க பயந்தாலே செத்துப்போயிரும். போன தடவை ஒரு டிரைவர் ஹார்ன் அடிச்சே ஒண்ணைக் கொன்னுட்டார். இந்தப் பெட்டை போச்சுன்னா வனத்துறை குடுத்த பர்மிஷனும் போச்சு."

"நம்மகிட்ட அதெல்லாம் நடக்காதும்மா."

வாய் சொன்னதே தவிர, கை தானாக ஹார்னில் போய் உட்கார்ந்தது. அன்றைக்கே கசார்வாடி ஒர்க்‌ஷாப்பில் அதன் வயரைப் பிடுங்கிப் போட்டார். சொந்தக் கையை நம்ப அவருக்குத் தைரியமில்லை.

மறுநாள் காலை ஹடப்சர் தாண்டுவதற்குள் அந்த ஊமை ஹார்னை நாற்பது தடவையாவது அமுக்கியிருப்பார். யவத் அருகே எருமைகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. இறங்கிப்போய் ஒவ்வொன்றின் காதிலும், "சலா பாயி, சலா... நகருங்கம்மா," என்று மராத்தியும் தமிழுமாகக் கெஞ்சினார். கட்டின மனைவி எஸ்தரிடம்கூட அவர் இவ்வளவு பணிவாகப் பேசியதில்லை. எருமைகள் அசையவில்லை. கடைசியில் தோள் கொடுத்துத் தள்ளித்தான் வழி பண்ணினார்.

மத்தியானம் புல்வெளியில் பெட்டிகளைத் திறந்தார்கள். சேவல்கள் இரண்டும் ஓடி மறைந்தன. பெட்டையின் பெட்டியில் மட்டும் சலனமில்லை. பத்து நிமிஷம் போனது. தேஜஸ்வினியின் முகம் வெளுத்துவிட்டது.

லூர்துசாமி பெட்டியை எட்டிப் பார்த்தார். வழியில் எங்காவது குழியில் விட்டுக் குலுக்கித் தொலைத்தோமோ? பாவி, ஒரு உயிரைக் கொன்றுவிட்டோமோ? பெட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"தாயே, வெளிய வந்துரும்மா. காலையிலேருந்து ஒரு சத்தம் போட்டேனா நான்?"

கண் கலங்கிவிட்டது. நூற்றைம்பது கிலோமீட்டராக அடக்கி வைத்திருந்தது அந்த நேரம் பார்த்து வாய்வழியே வந்துவிட்டது.

"பாம்... பாம்."

பெட்டை விருட்டென்று கிளம்பி, அவர் மூக்கை உரசிக்கொண்டு பறந்து, தூரத்துப் புல்லுக்குள் இறங்கியது.

தேஜஸ்வினி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

"அண்ணா, இதை நான் ரிப்போர்ட்ல எப்படி எழுதுவேன்?"

லூர்துசாமி மூக்கைத் தடவிக்கொண்டார்.

"வண்டிக்குத்தானேம்மா வயரைப் பிடுங்கினேன்."